முத்திரையில் மிஞ்சிய பெயர்கள்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ள எங்கள் மேலகரத்தில், ஆனி ஆடி மாதங்களில் சாரல் பிடித்துவிட்டால், மாலைப் பாடத்திற்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிடும். அத்தகைய ஒரு மாலையில், நனைந்த தலையோடு வந்து அமர்ந்திருந்த ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அரசர்களுக்குக் கடிதம் எழுதிய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரூம் நாட்டாருக்குக் கடிதம் எழுத நாயகம் அவர்கள் நாடியபோது, முத்திரையிடப்படாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று தோழர்கள் எடுத்துரைத்தனர். அதன் பின்னரே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டது. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தியை நம்மில் பலரும் கேட்டிருப்போம்.

ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், பிரித்துப் படித்தால்தானே யார் எழுதியது என்று தெரியும்? படிக்காமலே எப்படி ஒதுக்குவார்கள்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்து வரச் சொன்னேன். ஒரு காலத்தில் மளிகைக் கடையில் இருந்த கல் அது. அதைப் புரட்டிக் காட்டினேன். அடிப்புறத்துக் குழியில் ஈயம் ஊற்றப்பட்டு, அதன்மேல் முத்திரை ஆய்வாளர் அடித்த குறிகள் பதிந்திருந்தன. அந்த ஆய்வாளர் யார், எந்த ஊரினர் என்பது எங்களுள் எவருக்கும் தெரியாது. ஆனால் கடைக்காரரும் வாங்குபவரும் கல்லை நம்பியது அவருடைய அந்தச் சிறு குறியை வைத்துத்தான். பழைய மின்சார மீட்டர்களில் முறுக்குக் கம்பியில் கோத்து, குறடால் நசுக்கி வைத்திருப்பார்களே, அந்த ஈயக் குண்டையும் நினைவூட்டினேன். கம்பியை அறுக்காமல் மூடியைத் திறக்க முடியாது. அறுத்தால் மறைக்க முடியாது. "எழுதியவர் யார் என்பதைக் கடிதத்தின் உள்ளே இருக்கும் எழுத்தைவிட வெளியே இருக்கும் முத்திரையே முதலில் சொல்லும்" என்றேன். பையன் அமர்ந்துவிட்டான். எனக்குத்தான் அன்று முதல் அந்த ரூம் நாட்டு முத்திரைகளின் மேல் நாட்டம் உண்டாயிற்று.

முதலில் அந்த மோதிரத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின்னர், திஹ்யத்துல் கல்பீ (ரலி) அவர்கள் கொண்டு சென்ற கடிதம் புஸ்ரா ஆளுநர் வழியாக ஹிர்கல் மன்னரைச் சேர்ந்தது. மோதிரத்தில் 'முஹம்மத்' ஒரு வரியிலும், 'ரஸூல்' ஒரு வரியிலும், 'அல்லாஹ்' ஒரு வரியிலுமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. இதே வாசகத்தை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறித்துக்கொள்ளக் கூடாது என்று நாயகம் அவர்கள் தடை விதித்தார்கள். ஒரே முத்திரை இருவரிடம் இருந்தால் அது முத்திரையே அன்று. பின்னர் அம்மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் கரங்களில் இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் அரீஸ் கிணற்றின் அருகே அமர்ந்திருந்தபோது அது கிணற்றில் விழுந்துவிட்டது. மூன்று நாள் நீரை இறைத்துத் தேடினர், கிடைக்கவில்லை.

இனி, முத்திரையில்லாக் கடிதத்தைத் தொடாத அந்த ரூம் நாட்டாரைக் காண்போம். ஐரோப்பிய வரலாற்று நூல்கள் பைசாந்தியப் பேரரசு என்று குறிப்பிடும் கிழக்கு ரோமப் பேரரசுதான் அது. குஸ்துன்தீனிய்யாவைத் தலைநகராகக் கொண்டு, 1453இல் சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹ் அந்நகரை வெல்லும் வரை நீடித்தது. அங்கே எழுதாமல் எந்த வேலையும் நடந்ததில்லை. வரி, படை, நிலம், வழக்கு ஆகிய யாவற்றுக்கும் தனித்தனி அலுவலகங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் படிப்படியாகப் பதவிகள் இருந்தன. ஆனால் தலைநகரின் அரசு ஆவணக் காப்பகம் நமக்குக் கிடைக்கவில்லை. தீ, முற்றுகை, கொள்ளை, ஈரம், அலட்சியம் எல்லாம் சேர்ந்து அந்த ஏடுகளை உண்டுவிட்டன. ஆதோஸ் மலை மடாலயங்கள் போன்ற சில இடங்களில் பாதுகாக்கப்பட்ட பத்திரங்களே எஞ்சின.

கடிதங்கள் போயின. அவற்றின் நூலில் தொங்கிய ஈயத் துண்டுகள் மட்டும் மண்ணுக்குள் கிடந்தன. இன்று உலகின் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பைசாந்திய ஈய முத்திரைகள் இருப்பதாக ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரிலுள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ் ஆய்வு நிலையத்தில் மட்டும் ஏறத்தாழ 17,000 உள்ளன. இவற்றைத் தொகுத்து நூலாக்கும் பணிக்கு அடித்தளம் இட்டவர் ஃப்ரான்ஸ் நாட்டின் குஸ்தாவ் ஷ்லும்பெர்ஜே. அவரது பெருநூல் 1884இல் வெளிவந்தது.

முத்திரையிடும் முறை எளியது. கொல்லன் பட்டறைக் குறடு போன்ற ஓர் இரும்புக் கருவி; அதன் இரு தாடைகளின் உட்புறத்திலும் எழுத்துகள் தலைகீழாகச் செதுக்கப்பட்டிருக்கும். உட்புறம் துளையோடிய வட்டமான ஈய வில்லையை முன்னரே வார்த்து வைத்திருப்பர். கடிதத்தைச் சுருட்டிக் கட்டிய நூலின் இரு முனைகளையும் அத்துளை வழியே செலுத்தி, வில்லையைக் குறட்டின் நடுவே வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தால், ஈயம் நசுங்கி நூலைக் கவ்விக்கொள்ளும். இருபுறமும் எழுத்துப் பதிந்துவிடும். ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மென்மையான உலோகம், குறைந்த சூட்டிலேயே உருகும், விலை மலிவு. அரக்கும் மெழுகும் வெயிலில் இளகும், ஈயம் இளகாது. பேரரசர் சிறப்பான சாசனங்களுக்குப் பொன் முத்திரையும் இடுவார். மற்றெல்லார்க்கும் ஈயமே.

அந்த வில்லையில் இருப்பது பெரும்பாலும் நான்கைந்து வரிகள்தாம். ஒருபுறம் அவர்கள் புனிதராகக் கருதியவரின் உருவம். மறுபுறம் தம் அடியாருக்கு உதவும்படி ஒரு வேண்டுதல், பெயர், பட்டம், பதவி, ஆளும் மாகாணம். உருவங்களை வணங்குவது சரியா தவறா என்று அப்பேரரசையே இரண்டாகப் பிளந்த பூசல் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தபோது, முத்திரைகளில் உருவத்திற்குப் பதிலாக எழுத்துகளைச் சிலுவை வடிவில் பின்னிய குறிகள் பெருகின. ஆகவே ஆண்டு எழுதப்படாத முத்திரையையும், குறியின் அமைப்பையும் எழுத்தின் வளைவையும் கொண்டு இன்ன காலத்தது என்று சில பத்தாண்டுகளுக்குள் அடக்கிவிட அறிஞர்களால் முடிகிறது.

இப்படிக் கிடைத்த பெயர்களில் பெரும்பாலானவை எந்த வரலாற்று நூலிலும் இல்லாதவை. ஒரு மாகாணத்தின் வரித்தண்டலர், ஒரு துறைமுகத்தின் சுங்க அதிகாரி, ஒரு கோட்டையின் படைத்தலைவர் எனத் தம் நாளில் பலரை நடுங்க வைத்தவர்களாகவும் இருக்கலாம், பலருக்கு நன்மை செய்தவர்களாகவும் இருக்கலாம். அவர்களின் வாழ்நாள் முழுவதற்கும் இன்று சாட்சி, கட்டைவிரல் அகலமுள்ள ஓர் ஈயத் துண்டு. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் 'கொம்மெர்க்கியாரியோஸ்' எனப்பட்ட அலுவலர்கள் சரக்குக் கிடங்குகளைக் கவனித்தனர். அவர்களின் முத்திரைகளில் பேரரசர் உருவமும் பதினைந்து ஆண்டுச் சுற்றில் அமைந்த வரியாண்டின் எண்ணும் இருப்பதால், எந்த ஆண்டில் எந்தக் கிடங்கு எவர் பொறுப்பில் இருந்தது என்பது வரை தெரிய வருகிறது. டமாஸ்கஸில் உமய்யாக்கள் ஆண்ட அதே காலத்தில் எல்லைக்கு அப்பால் அரசாங்கம் எவ்வாறு தன் படைக்குச் சோறிட்டது என்பதைப் பற்றி ஆய்வாளர் இன்று நடத்தும் வாதங்கள் பலவும் இந்தத் துண்டுகளைச் சுற்றியே நடக்கின்றன.

ஒருவருடைய முத்திரைகள் பல கிடைத்துவிட்டால், அவருடைய ஏற்றமே கண்முன் விரிந்துவிடும். ஃபிலாரெத்தோஸ் பிராகாமியோஸ் என்றொரு அர்மீனியத் தளபதி. 1071இல் மலாஸ்கிர்த் போரில் ஸல்ஜூக் சுல்தான் அல்ப் அர்ஸலான் ரூம் பேரரசரைச் சிறைப்பிடித்த பிறகு உண்டான குழப்பத்தில், அந்தாக்கியா வரை தம் கைக்குள் கொண்டுவந்தவர் இவர். அவருடைய முத்திரைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒன்றில் 'குரோபலாத்தேஸ்', மற்றொன்றில் 'செபாஸ்தோஸ்', பிறிதொன்றில் 'புரோட்டோசெபாஸ்தோஸ்' எனப் பட்டங்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. பட்டம் உயரும்போதெல்லாம் புதுக் குறடு செதுக்கக் கொல்லனிடம் ஆள் அனுப்பியிருக்கிறார்! 1084இல் அந்தாக்கியா ஸல்ஜூக்குகளின் வசமாயிற்று. அதன் பின் குறட்டுக்கும் வேலை இல்லை.

முத்திரையின் அருமையை நம் ஆட்சியாளர்கள் பட்டறிந்து உணர்ந்த நிகழ்ச்சி ஒன்றைத் தபரீ முதலிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். முஆவியா (ரலி) அவர்கள் அம்ரு இப்னு ஸுபைர் என்பவருக்கு நூறாயிரம் திர்ஹம் வழங்குமாறு இராக் ஆளுநர் ஸியாதுக்குக் கடிதம் எழுதி, அதை அவரிடமே கொடுத்தனுப்பினார்கள். அவர் வழியில் கடிதத்தைத் திறந்து நூறு என்பதை இருநூறாக மாற்றிவிட்டார். அரபு எழுத்தில் அதற்கு ஓரிரு கோடுகள் கூட்டினால் போதும். கணக்கு வந்தபோது குட்டு வெளிப்பட்டது. அதன் பிறகே கடிதங்களைப் படியெடுத்து, கட்டி, முத்திரையிட்டு அனுப்புவதற்கென்றே 'தீவானுல் காத்தம்' என்னும் அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. அடுத்த தலைமுறையில் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் பெயரும் ஃபலஸ்தீன் என்ற மாகாணப் பெயரும் அரபு எழுத்தில் பொறித்த ஈய முத்திரையே கிடைத்துள்ளது. ரூம் நாட்டாரின் ஈயம் அப்படியே இருக்க, மொழி மட்டும் மாறிற்று.

இவ்வளவும் கடல்கடந்த செய்தி. இத்தகைய முத்திரைகளைக் கொண்டு மறைந்த அலுவலர்களை அறியும் வாய்ப்பு நம் நாட்டில் உண்டா என்று தேடியபோது, ஈயத்திற்குப் பதிலாகக் களிமண்ணில் அது நிகழ்ந்திருப்பதைக் கண்டேன். இடம், பீகார் மாநிலத்து வைசாலி. கங்கைக்கு வடக்கே பஸாட் என்னும் சிற்றூரில், 'ராஜா பிஸால் கோட்டை' என்று ஊரார் அழைத்து வந்த மேட்டில், 1903–04ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் டி. பிளாக் என்பவர் அகழாய்வு செய்தார். ஒரு சிறிய அறையின் எல்லைக்குள் நூற்றுக்கணக்கான களிமண் முத்திரைகள் குவிந்து கிடந்தன. குப்தப் பேரரசின் காலத்தவை. ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சில ஆண்டுகளுக்குப் பின் ஸ்பூனர் என்பவர் அங்கே மீண்டும் தோண்டி மேலும் பல முத்திரைகளை எடுத்தார்.

ஒரு கட்டின் முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை வைத்து அழுத்தி, அதன்மேல் முத்திரையைப் பதித்து விட்டுவிடுவதே அங்கிருந்த வழக்கம். முன்பக்கம் பெயர், பின்பக்கத்திலோ நூல் அழுந்திய தடம். இந்தப் பின்பக்கத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கட்டப்பட்டிருந்த ஓலையோ பட்டையோ துணியோ மறைந்து பதினாறு நூற்றாண்டு ஆகிவிட்டது. அதைக் கட்டிய நூலின் புரி மட்டும் களிமண்ணில் இன்னும் இருக்கிறது.

அம்முத்திரைகளில் சில அலுவலகங்களுக்கு உரியவை. இளவரசரின் குமாராமாத்தியர் அலுவலகம், படை அலுவலகம், போர்க் கருவூலம், காவல் அலுவலகம், தீரபுக்தி மாகாண ஆளுநரின் அலுவலகம், வைசாலி நகர ஆட்சி அலுவலகம் என ஒரு மாகாணச் செயலகம் முழுவதுமே களிமண்ணில் அணிவகுத்து நிற்கிறது. இன்றைய திர்ஹுத் என்னும் பெயர் தீரபுக்தியின் திரிபே. இந்த அலுவலக முத்திரைகளில் ஆளின் பெயர் கிடையாது. அலுவலகமே பேசுகிறது, நாற்காலியில் அமர்ந்திருந்தவர் பேசுவதில்லை. ரூம் நாட்டு ஈயத்தில் பெயரும் பட்டமும் முந்திக்கொள்ள, இங்கே பொறுப்பு மட்டும் நிற்கிறது. நம் ஜமாஅத் முத்திரைகளிலும் பள்ளிவாசலின் பெயரே இருக்கும், நிர்வாகியின் பெயர் இராது. அழைப்பிதழ்களில்தான் அது பெரிய எழுத்தில் வரும். எனக்கு வைசாலி முறையே பிடித்திருக்கிறது. ஆனால் வரலாறு எழுதுபவருக்கு அதனால் பெரும் நட்டம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நல்ல வேளையாக, தம் பெயரை விட்டுச் சென்றவர்களும் உண்டு. மஹாதண்டநாயகர் அக்னிகுப்தர்; காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் தலைவரான யக்ஷவத்ஸர்; அரண்மனை வாயிற்காவல் தலைமையோடு தரவரர் என்னும் பட்டத்தையும் தாங்கிய வினயசூரர். ஒவ்வொருவரைப் பற்றியும் நாம் அறிந்தது அந்த ஒரு வரிதான். அக்னிகுப்தர் நேர்மையாகத் தண்டித்தாரா, வினயசூரர் எவரை வாயிலில் நிறுத்தினார், எவரை உள்ளே விட்டார் என்பதற்கெல்லாம் களிமண்ணில் இடமில்லை.

இக்குவியலில் மிகவும் புகழ்பெற்றது ஓர் அரசியின் முத்திரை. மஹாராஜாதிராஜர் சந்திரகுப்தரின் மனைவி, மஹாராஜர் கோவிந்தகுப்தரின் தாய், மஹாதேவி துருவஸ்வாமினி என்று அது அவரை அறிமுகம் செய்கிறது. இங்கே குறிக்கப்படுபவர் இரண்டாம் சந்திரகுப்தர். குப்த அரசர்கள் வெளியிட்ட வம்சாவளிகளில் கோவிந்தகுப்தர் என்ற பெயரே இல்லை. அடுத்து அரியணை ஏறியவர் குமாரகுப்தர். ஆட்சிக்கு வராத மகனை வம்சாவளி எழுதுவோர் விட்டுவிட்டனர். தாய் தம் முத்திரையில் விடவில்லை. பிற்காலத்தில் மண்டசோரில் கிடைத்த, மாளவ ஆண்டு 524 (கி.பி. 467) பொறித்த கல்வெட்டும் கோவிந்தகுப்தரைக் குறிப்பிட்டபோது, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் களிமண் சொன்னது மெய் என்பது உறுதியாயிற்று.

வணிகர்களின் பங்கே அங்கு மிகுதி. பெருவணிகர், சாத்துத் தலைவர், கைவினைஞர் ஆகியோர் சேர்ந்த சங்கத்தின் முத்திரை மட்டும் 274 துண்டுகளில் பதிந்துள்ளது. பெரும்பாலும் அது தனித்து இராது. அதே களிமண்ணில் பக்கத்திலேயே ஒரு தனி ஆளின் முத்திரையும் இருக்கும். ஈசானதாசர் என்ற பெயர் அவ்வாறு மீண்டும் மீண்டும் வருகிறது. சங்கமும் ஆளும் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் சரக்குக்கோ பணத்துக்கோ மதிப்பு என்றிருக்க வேண்டும். இன்று நாம் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, அதற்குச் சான்றாக அதிகாரியின் வட்ட முத்திரைக்கு அலைகிறோமே, ஏறக்குறைய அதுபோன்ற ஏற்பாடு.

நம் தமிழகத்தின் நிலை என்ன? முத்திரை வழக்கம் இங்கே இல்லாமல் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர்கள் ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகளில் சோழரின் புலிக் குறியை இட்டு வெளியே விட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. குடத்தில் இட்ட ஓலைகளை எடுக்கும் ஆவண மாக்கள், முதலில் கட்டின்மேலுள்ள முத்திரையை ஆராய்ந்து, பின்னர் அதை நீக்குவதை அகநானூற்றின் 77ஆம் பாடல் உவமையாகவே பயன்படுத்துகிறது. மாதவி கோவலனுக்கு விடுத்த ஓலை களிமண் முத்திரையிடப்பட்டது என்று இளங்கோவடிகள் பாடுகிறார். வைசாலியில் நடந்ததேதான் புகாரிலும் மதுரையிலும் நடந்தது.

எனினும், வைசாலி போன்ற ஒரு குவியல் நமக்குக் கிடைக்கவில்லை. சுடாத களிமண் மழையில் கரைந்துவிடும் பொருள்; தீயில் அகப்பட்டாலோ உலர்ந்த இடத்தில் புதைந்தாலோதான் பிழைக்கும். அரசர்களின் முத்திரைகள் வேறு கதை. 1905இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முப்பத்தொன்றையும் கோத்த கனமான வளையத்தில், புலி, இரு கயல்கள், வில், குடை ஆகியவற்றோடு இராஜேந்திர சோழரின் முத்திரை கம்பீரமாக இருக்கிறது. அவருடைய அலுவலர்களின் முத்திரைகளோ இல்லை. அதற்கு ஈடாக, அவர்களின் பெயர்களைக் கல்வெட்டுகள் வரிசையாகத் தருகின்றன. புரவுவரி, வரிப்பொத்தகம், பட்டோலை என்று நீளும் அவ்வரிசையில் 'முகவெட்டி' என்றொரு பதவியும் உண்டு. முத்திரையிடும் பொறுப்புடையவர் என்று அறிஞர் அதற்குப் பொருள் கொள்வர். முத்திரையிட்டவரின் பெயர் கல்லில் இருக்கிறது. அவர் இட்ட முத்திரை ஒன்றுகூட இல்லை. ரூம் நாட்டில் நேர்ந்ததற்கு இது நேர் எதிர்.

முத்திரையை அழிப்பது மழையும் தீயும் மட்டுமல்ல. ஈயத்திற்கு என்றும் விலை உண்டு. உருக்கி வேறொன்றாக வார்த்துக்கொள்ளலாம். அப்படி உருகிப்போன ஈயப் பெயர்கள் எத்தனையோ. பிழைத்தவற்றுக்கும் ஆபத்து நீங்கவில்லை. உலோகங்காட்டிக் கருவியோடு வயல்களில் திரிபவர்கள் தோண்டியெடுத்து விற்றுவிடும் முத்திரையில் பெயர் இருக்கும். எந்த ஊர் மண்ணில் கிடந்தது என்ற செய்தி இராது. கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்வது அந்த மண்தான். அது போனால் பாதி சாட்சியம் போயிற்று. மற்றொரு வியப்பு: ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்து கெடாத ஈயம், மரப்பெட்டிக்குள் மூடி வைத்தால் சில ஆண்டுகளிலேயே வெண்ணிறத் தூளாக உதிரத் தொடங்கும். மரத்திலிருந்து கசியும் புளித்த ஆவி அதற்குப் பகை. பத்திரப்படுத்துவதாக நினைத்துக் கெடுத்த அருங்காட்சியகங்கள் உண்டு.

பத்திரப்படுத்தாமல் கெடுத்த வீடுகளும் உண்டு. எங்கள் வீடு அவற்றுள் ஒன்று.

என் தாயாரின் பாட்டனார் ஊர்க் காஜியாரிடம் எழுத்தராக இருந்தவர். அவர் காலத்துப் பித்தளை முத்திரை ஒன்று எங்கள் வீட்டுப் பரணில், வெற்றிலைச் செல்லத்துக்குள் கிடந்தது. பிடி தேய்ந்து, முகம் கறுத்து, எழுத்துகள் தலைகீழாக இருக்கும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அதை எடுத்துக்கொண்டு போய்ச் சிற்றாற்றங்கரைக் களிமண்ணில் அழுத்தி அழுத்தி விளையாடியிருக்கிறேன். களிமண்ணில் பதிந்ததும் எழுத்துகள் நேராகிவிடுவதைக் கண்டு கூட இருந்த பையன்கள் ஆச்சரியப்படுவார்கள். எங்களுக்கு அது படிக்கத் தெரியாது. மாலையில் தண்ணீர் வந்து அனைத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

பின்னர் ஒரு நாள், பழைய பித்தளைக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் வியாபாரி தெருவில் கூவிக்கொண்டு வந்தார். உடைந்த குத்துவிளக்குத் தண்டு, ஓட்டை விழுந்த செம்பு இவற்றோடு அந்த முத்திரையும் தராசில் ஏறிற்று. எடை போதவில்லை என்பதற்காகச் சேர்த்துப் போட்டதுதான். அதற்கு மாற்றாக வந்த மூடி போட்ட தூக்குவாளி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, நல்ல உழைப்பு.

நான் மதரஸாவில் ஓதி, கல்லூரியில் வரலாறும் பயின்று, அந்தக் காலத்து அலுவலர்கள் தம் முத்திரைகளில் பெயரோடு ஹிஜ்ரி ஆண்டையும் பொறிப்பர் என்று அறிந்துகொண்டபோது தூக்குவாளிக்குப் பல வயது ஆகியிருந்தது. ஆர்க்காட்டு நவாபுகளின் ஸனதுகளிலும் முகலாய அலுவலர்களின் பத்திரங்களிலும் அத்தகைய பதிவுகளைக் காணலாம். பட்டம் கிடைத்த ஆண்டையும் எந்த மன்னரின் ஊழியர் என்பதையும் ஒரு கண்டுமணி இடத்தில் அடக்கிவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பித்தளையில் இருந்தது காஜியாரின் பெயரா, அவருக்கும் முன்னிருந்தவரின் பெயரா, அல்லது அந்தப் பதவியின் பெயர் மட்டுமா என்பதைச் சொல்ல இன்று ஆளில்லை. ஊரில் அக்காலத்து நிக்காஹ் பதிவேடு ஏதேனும் எஞ்சியிருந்தால் அதில் ஒரு பதிவாவது இருக்கும் என்று நானும் சில பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். செல்லரித்த தூள்தான் கையோடு வந்தது.

சென்ற ரமலானில் உம்மாவிடம் மீண்டும் கேட்டேன். ஓரத்தில் ஒரு பூ இருந்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது என்றார்கள். எனக்கு நினைவிருப்பது அதைவிடக் குறைவு. களிமண்ணில் நேராகத் தெரிந்த இரண்டு இலக்கங்கள்: ஒரு கோடு, அதன் பக்கத்தில் கொக்கி போட்ட இன்னொரு கோடு. அரபு எண்ணில் அது பன்னிரண்டு. அதற்கு வலப்புறம் இருந்த மற்ற இரண்டு இலக்கங்கள் எவை என்பதை எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.